ஓய்வுநாளும் ஒரே பந்தியும்

ஓய்வு என்பது உழைப்பின் முடிவிற் கிடைக்கும் கூலி என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். ஆறு நாள் பாடுபட்டவன் ஏழாம் நாள் இளைப்பாறுதற்கு உரிமை பெறுகின்றான். பாடுபடாதவனுக்கு அவ்வுரிமை இல்லை. பாடுபட்டும் பொருள் சேர்க்க இயலாதவன் தன் ஓய்வை வேறொரு காலத்துக்குத் தள்ளிவைத்துக்கொள்ள வேண்டியதுதான். இஃது உலகத்தார் கணக்கு. வேதாகமம் கூறும் ஓய்வுநாள் இக்கணக்குக்கு உட்பட்டதன்று. அஃது எவ்வாறு வேறுபடுகின்றது என்பதையும், திருவிருந்தாகிய நற்கருணையோடு அதற்குள்ள தொடர்பு யாது என்பதையும், இவ்விரண்டின் வாயிலாகவும் வரும் கிருபையை நாம் பெறாதபடி தடுப்பவை எவை என்பதையும் இச்சிறு கட்டுரையில் ஆராய்வாம்.

ஆராய்ச்சியை ஒரு வயலினின்று தொடங்குதல் நலம். செஞ்சிக்கு அணித்தாகிய அனந்தபுரத்தையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் அறிந்தவர், மணிலாக்கொட்டை அறுவடைக் காலத்தில் அங்கே தோன்றும் காட்சியையும் அறிவர். மல்லாட்டை என்று அப்பக்கத்தார் வழங்கும் அப்பயிரைப் பிடுங்கிக் காயாய்வதற்குப் பெண்டிர் பொழுது புலருமுன்னரே அணியணியாய்ச் செல்வர். நிலத்தில் ஈரம் உள்ளபோதே செடியைப் பிடுங்க வேண்டும். நாள் தாழ்த்தால் மண் இறுகிக் காய் உள்ளேயே தங்கிவிடும். ஆதலின் அக்காலத்தில் வயலுக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத நாளில் உலையிலிட அரிசி இல்லை. கோயில் மணியோசை கேட்கும் தொலைவிற் குனிந்து நிற்கும் அப்பெண்டிருள் ஒருத்தியை அணுகி, "ஓய்வுநாளை ஆசரியுங்கள் அம்மா" என்று நாம் கூறினால், அவள் யாது விடை பகர்வாள்? அவ்விடைக்கு முன் தலைகவிழாது நிற்கக்கூடிய உபதேசமே மெய்யான உபதேசம். அத்தகைய உபதேசம் வேதத்தில் உண்டோ என்பதே நம் கேள்வி.

முதலாவது, சொல்லை நோக்குவாம். எபிரேய மொழியிற் சபத்து என்னும் சொல்லின் அடிப்பொருள் நிறுத்துதல், விட்டொழிதல் என்பதாம். நம் முன்னோர் அதனை ஓய்வுநாள் என்று பெயர்த்தனர். தமிழில் ஓய்தல் என்பதற்கு இரு பொருள்கள் உள. மழை ஓய்ந்தது என்னுமிடத்து, பெய்துகொண்டிருந்தது நின்றது என்று பொருள். கிழவர் ஓய்ந்துபோனார் என்னுமிடத்து, வலியிழந்து தளர்ந்தார் என்று பொருள். கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்று ஆதியாகமம் கூறுவது முன்னைய பொருளிலேயாம். அவர் தளர்ந்தவரல்லர், தாம் செய்ததை நல்லதென்று கண்டு நிறைவெய்தி நிறுத்தினவர். நாமோ பெரும்பாலும் பின்னைய பொருளிலேயே ஓய்கின்றோம். உடல் ஒடிந்த பின்னர்ப் படுப்பதை ஓய்வு என்கின்றோம்; எழுந்து மறுபடியும் ஓடுவதற்காகவே படுக்கின்றோம்.

இனி, ஆதியாகமத்தின் வரிசை முறையையும் கருதுக. மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். ஆகவே அவன் கண்விழித்துக் கண்ட முதல் முழுநாள் ஓய்வுநாளே. அவன் ஒரு வரப்பும் வெட்டவில்லை. ஒரு விதையும் ஊன்றவில்லை. எனினும் அவனுக்கு முதலில் அளிக்கப்பட்டது ஓய்வு. வேலை அதன் பின்னரே வருகின்றது. யூதர் ஒரு நாளை மாலையிலிருந்து தொடங்கி எண்ணும் வழக்கமும் இக்கருத்துக்கு இசைந்ததே. நாள் பிறக்கும்போது மனிதன் உறங்கச் செல்லுகின்றான். அவன் உறங்கும்போது கடவுள் உலகைக் காத்து நடத்துகின்றார். விடியலில் எழுந்து, முன்னமே நடந்துகொண்டிருக்கும் வேலையில் அவன் கைகொடுக்கின்றான். இவ்வாறு எண்ணுவோனுக்கு ஓய்வு கூலியாகத் தோன்றாது, கொடையாகவே தோன்றும்.

கட்டளையைக் கூறும் இடங்கள் இரண்டு. யாத்திராகமம் கடவுள் உலகைப் படைத்து ஓய்ந்திருந்ததை அதற்குக் காரணமாகக் காட்டுகின்றது. உபாகமமோ வேறொரு காரணம் காட்டுகின்றது: நீங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தீர்கள், அதனை மறவாதீர்கள் என்பதே அது. செங்கல் அறுத்த அடிமைகளுக்கு எகிப்தில் விடுமுறை ஏது? விடுதலை பெற்ற சாதியாருக்கு முதல் அடையாளமாக அளிக்கப்பட்டது, வேலையை நிறுத்தும் உரிமை. ஆயினும் அவ்வுரிமை வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலில் தங்கும் அந்நியன் ஆகிய யாவரும் அக்கட்டளையிற் பெயர் பெற்றிருக்கின்றனர். தான் மட்டும் ஓய்ந்து தன் வேலையாளை ஓடவிடுபவன் அக்கட்டளையைக் கைக்கொண்டவனல்லன். தன் வீட்டில் ஓர் எகிப்தைக் கட்டினவனேயாவான்.

கட்டளை பிறப்பதற்கு முன்னரே வனாந்தரத்தில் இப்பாடம் உணவின் வாயிலாகக் கற்பிக்கப்பட்டது. மன்னா நாள்தோறும் விழுந்தது. அவனவன் உண்ணுமளவே சேர்த்தான். பேராசையால் மறுநாளைக்கு வைத்தவனுடையது புழுத்து நாறிற்று. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாய் விழுந்தது. ஏழாம் நாளைக்கு வைத்தது கெடவில்லை. ஓய்வுநாளில் உண்ணும் உணவு முன்னமே அருளப்பட்டது என்பது இதன் பொருள். ஓயச் சொன்னவரே அந்நாளைய உணவுக்கும் வழி செய்தார். அனந்தபுரத்து வயலிற் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு விடை கூற விரும்புவோர் இதனை நெஞ்சிற் பதித்துக்கொள்வாராக. உணவுக்கு வழி காட்டாமல் ஓய்வைப் பற்றி மட்டும் பிரசங்கித்தல் வேதத்தின் வழியன்று.

இக்கருத்து நம் நாட்டு உழவருக்கு முற்றும் புதிதன்று. மாட்டுப் பொங்கலன்று எருதைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டி மாலை சூட்டுவர். அன்று அதனை ஏரிற் பூட்டார். அமாவாசையன்று ஏர் பூட்டலாகாது என்னும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. வாயில்லாச் சீவனுக்கும் ஓய்வு உரியது என்பதை உழவன் உள்ளம் அறிந்தேயிருந்தது. ஆனால், எருதுக்கு ஓய்வு கொடுத்த அதே உழவன், அதனை ஓட்டிய படியாளுக்கு என்ன கொடுத்தான் என்று கேட்குமிடத்து நாம் வாய்மூட வேண்டியவராகின்றோம்.

கிறிஸ்தவ உலகமும் இக்கேள்வியினின்று தப்பவில்லை. ஆதிச் சபையார் ஆண்டவர் உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாளிற் கூடினர். அந்நாள் ரோம சாம்ராச்சியத்தில் வேலைநாள். கி.பி. 112-ஐ ஒட்டிப் பிளினி என்னும் ரோமத் தேசாதிபதி தம் சக்கரவர்த்திக்கு எழுதிய நிருபத்தில், கிறிஸ்தவர் குறித்த நாளிற் பொழுது விடியுமுன் கூடுவதைக் குறிப்பிடுகின்றார். அவர்களுள் அடிமைப் பெண்டிரும் இருந்தமை அந்நிருபத்தால் விளங்குகின்றது. அத்தகையோர் விடிந்தபின் எசமானன் ஏவலுக்கு உட்பட்டவரன்றோ! பின்னர், 321-ஆம் ஆண்டிற் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக்கிச் சட்டம் பிறப்பித்தார். நியாயாதிபதிகளும், நகரத்தாரும், கைத்தொழிலாளரும் அன்று ஓய்ந்திருக்க வேண்டும்; நாட்டுப்புறத்து உழவர் மட்டும் தடையின்றி வேலை செய்யலாம்; பருவம் தவறினால் விளைவு கெடும் என்பது காரணம். ஞாயிறு ஓய்வைப் பற்றி எழுந்த முதற் சட்டத்திலேயே வயலில் நிற்பவன் விடப்பட்டான். மல்லாட்டை வயலைப் பற்றி நாம் கூறிய நியாயமும் அதுவே. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக அந்த நியாயம் மாறவில்லை.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது. ஆங்கிலக் கம்பெனியார் ஆண்ட பகுதிகளில் அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்கலாகாது என்னும் ஐந்தாம் சட்டம் 1843-இல் வந்தது; திருவிதாங்கூரில் 1855-இல் அடிமைத்தனம் நீங்கிற்று. அதற்கு முன்னரே, கர்னல் மன்றோ ரெசிடெண்டாயிருந்த காலத்தில், ஊழியம் என்னும் கட்டாய வேலைக்கு ஞாயிறன்று கிறிஸ்தவர்களை அழைத்தலாகாது என்னும் விலக்கு அங்கே அளிக்கப்பட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக ஞாயிறு விடுமுறை கேட்டுப் போராடியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. அவர் கிறிஸ்தவரல்லர், ஜோதிராவ் பூலே தோற்றுவித்த சத்தியசோதக சமாஜத்தைச் சார்ந்தவர். 1884-இல் அவர் தொடங்கிய வேண்டுகோளுக்கு ஆலைமுதலாளிகள் 1890-இல் இசைந்தனர். 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை நிலைநாட்டிற்று. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1921-இல் வகுத்த வார ஓய்வு உடன்படிக்கையை இந்தியா 1923-இல் ஏற்றது. ஆலையில் வேலை செய்பவன் இவ்வாறு ஒருவாறு உரிமை பெற்றான். நாட்கூலிக்கு வயலில் நிற்பவளுக்கோ, வேலை நிற்கும் நாளிற் கூலியும் நிற்பதே இன்றளவும் பெரும்பான்மை வழக்கம்.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். வேலையற்றிருத்தல் வேறு, ஓய்ந்திருத்தல் வேறு. மழை பொய்த்த ஆண்டில் அனந்தபுரத்துக் கூலியாள் பல நாள் திண்ணையில் அமர்ந்திருப்பான். அவன் கை சும்மா இருக்கும். அவன் நெஞ்சு ஒரு கணமும் ஓயாது. ஆண்டவர் கூறிய திராட்சத்தோட்டத்து உவமையில் வருபவரும் இத்தகையோரே. தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்காமையால் பொழுது சாயுமட்டும் கடைத்தெருவில் நின்றவர் அவர். தோட்டக்காரர் அவர்களையும் அழைத்தார். ஒரு மணி நேரமே வேலை செய்த அவர்களுக்கு முழுநாட் கூலியையும் கொடுத்தார். வெயிலில் நாள் முழுதும் உழைத்தவர் முறுமுறுத்தனர். தோட்டக்காரர் பார்த்தது வேலையின் அளவை அன்று. அவர்கள் வீட்டு உலையின் அளவை என்க. கிருபை என்பது இதுவே. நமக்குரியதைக் குறைக்காமல் பிறனுக்கும் நிறையக் கொடுப்பது அது. அதனைக் கண்டு முறுமுறுப்பவன், தான் பெற்றதும் கொடையே என்பதை மறந்தவன்.

கூலிக்கணக்கைக் கடந்த இக்கொடையை நாம் கையிலேந்திப் பெறும் இடம் திருவிருந்து. அதற்கு நம் சபைகளில் வழங்கும் பெயர்கள் பல. இராப்போஜனம் என்பது அது நிகழ்ந்த வேளையைக் குறிப்பது. திருவிருந்து என்பது விருந்தளிப்பவரை நினைப்பிப்பது. நற்கருணை என்பது அளிக்கப்படுவதைக் கூறுவது. கிரேக்கர் அதனை நன்றி செலுத்துதல் என்னும் பொருள்படும் யூக்கரிஸ்தியா என்று வழங்கினர். அச்சொல்லுக்குள் காரிஸ் என்னும் சொல் அடங்கியுள்ளது. காரிஸ் என்பதற்குக் கிருபை என்று பொருள். பெற்றவன் கூறும் நன்றியும், அவன் பெற்ற கருணையும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதை இது காட்டும். அம்மேசையண்டை வருபவன் ஒன்றையும் கொண்டுவருவதில்லை, வெறுங்கையை ஏந்துகின்றான். ஓய்வுநாளில் வேலையினின்று கையை எடுக்கின்றோம். அவ்வாறு எடுத்த கையையே திருவிருந்தில் ஏந்துகின்றோம். ஆகவே ஓய்வுநாளும் திருவிருந்தும் ஒரே செயலின் இரு பகுதிகள் எனலாம்.

ஆனால் ஏந்திய கைகள் பல. அவை ஒன்றையொன்று தீண்ட இசையுமோ? கொரிந்துச் சபையில் இக்கேள்வி எழுந்தது. அங்கே சிலர் முந்திவந்து தம் உணவைத் தாமே உண்டு களித்தனர். பிந்திவந்த எளியவர் பசியோடு நின்றனர். பிந்தியவர், எசமானருடைய வேலை முடிந்த பின்னரே வரத்தக்க அடிமைகளாகவும் கூலியாட்களாகவும் இருத்தல் கூடும். பவுல் அப்போஸ்தலர் இதனைச் சிறு ஒழுங்குத் தவறாகக் கருதவில்லை. ஒருவன் பசித்திருக்க ஒருவன் வெறித்திருக்கும் பந்தி ஆண்டவருடைய பந்தியே அன்று என்று கடிந்தெழுதினார். அப்பமும் பாத்திரமும் முறைப்படி இருந்தும், பந்தியில் உடனிருப்பவனை மதியாமையால் அவ்விருந்து விருந்தாகவில்லை.

கொரிந்து நெடுந்தொலைவில் உள்ளது. நம் ஊர்ப் பந்தியோ அண்மையில் உள்ளது. தமிழ் நாட்டில் யாரோடு யார் உண்பது, யார் சமைத்ததை யார் உண்பது என்னும் வரம்புகளே சாதியின் மதில்களாய் நின்றன. எச்சில் என்னும் ஒரு சொல்லுக்கு நம்மவர் அஞ்சிய அச்சம் பெரிது. இத்தகைய நாட்டில், ஒரே பாத்திரம் பலருடைய உதடுகளுக்குச் செல்லும் விருந்து ஒன்று வந்து சேர்ந்தது. அதன் பொருளைக் கற்றவர் மட்டுமன்றிக் கல்லாதவரும் உடனே உணர்ந்தனர். உணர்ந்தமையாலேயே பலர் இடறினர்.

1706-இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினர். 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் அங்கே பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன்பின் நூறாண்டுகட்கு மேலாக, சாதியை உலக வழக்கம் என்று எண்ணிச் சபைகள் பலவாறு பொறுத்துவந்தன. வெவ்வேறு சாதியார் ஆலயத்துள் வெவ்வேறிடத்து அமர்ந்தனர். நற்கருணைக்கு வருவதிலும் முற்பட்டவர், பிற்பட்டவர் என்னும் வரிசை இருந்தது. 1833-இற் கல்கத்தாவின் அத்தியட்சர் டானியேல் வில்சன், சபைக்குள் இவ்வேறுபாடு முற்றிலும் ஒழிக என்று நிருபம் விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதனை ஏலாது சபையை விட்டு விலகினர். 1850-இற் சென்னை மிஷனெரிகளின் மாநாடு, சாதியைத் துறந்தமைக்கு அடையாளமாகச் சமபந்தியுணவைக் கேட்டது. லைப்சிக் மிஷனாரோ அத்துணைக் கண்டிப்பு வேண்டாம், நாளடைவில் மாறும் என்று கருதினர். இரு சாராருடைய நோக்கத்தையும் நாம் இகழ வேண்டுவதில்லை. ஆனால் நாளடைவு என்பது எத்துணை நீளமானது என்பதை வரலாறு நமக்குக் காட்டியிருக்கின்றது.

2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அப்போது விழுப்புரம் மாவட்டத்திலிருந்து, 2019 முதற் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்துள்ள எறையூரில், ஒரே கத்தோலிக்க ஆலயத்தைச் சார்ந்த இரு சாதியாருக்குள் கலகம் மூண்டது. பிணம் கொண்டு செல்லும் வழியிலும், ஆலயத்தில் அமரும் இடத்திலும் தாங்கள் விலக்கப்பட்டதாக முறையிட்டுவந்த தலித் கிறிஸ்தவர், தமக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டதையொட்டி எழுந்த கலகம் அது. போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். கத்தோலிக்கருக்கு நேர்ந்தது என்று மற்றச் சபையார் விலகி நிற்றலாகாது. எச்சபையின் கல்லறைத் தோட்டமும் மணப்பந்தலும் இக்குற்றத்தினின்று முற்றும் நீங்கியவை என்று நாம் நெஞ்சில் கைவைத்துக் கூறமாட்டோம். ஓய்வுக்காகவும் விருந்துக்காகவும் அளிக்கப்பட்ட நாளிலேயே அக்குருதி சிந்திற்று என்பதே நம் உள்ளத்தை வாட்டுவது.

இருண்ட செய்தியோடு ஒளி தரும் செய்தியும் உண்டு. 1919-இல் அதே தரங்கம்பாடியிற் பல சபைகளைச் சார்ந்த போதகர் கூடினர். ஒரே ஆண்டவரை வழிபடுவோர் ஒரே மேசையில் உண்ண இயலாமை பெருங்குறை என்று உணர்ந்து ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தனர். அவர்களுள் முதன்மையானவர் வேதநாயகம் அசரியா. இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்து, 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ஆம் தேதி, சென்னைப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அசரியா அதனைக் காண உயிரோடில்லை. அவர் 1945-இன் முதல் நாளிலேயே மறைந்தார். 1950-இல் அத்திருச்சபை வகுத்த நற்கருணை ஆராதனையில், அப்பம் பிட்குமுன் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் கூறும் முறை அமைந்துள்ளது. பீடத்தினின்று தொடங்கும் அச்சமாதானம் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை செல்லுகின்றது. தீண்டாமை நிலவிய நாட்டில், அயலான் கையைத் தீண்டிய பின்னரே அப்பத்தைத் தீண்டலாம் என்று வகுத்தது நுட்பமான உபதேசமன்றோ!

கிருபை யார் கைவழியே வருகின்றது என்பதைக் குறித்துத் திண்டிவனத்துக்குச் சொந்தமான ஒரு வரலாறு உண்டு. 1853-இல் ஸ்கடர் சகோதரர் தொடங்கிய ஆற்காட்டு மிஷன் பின்னர்த் திண்டிவனத்திலும் ஊழியம் செய்தது. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே வைத்தியராயிருந்தவர் இரண்டாம் ஜான் ஸ்கடர். அவருடைய மகள் ஐடா தம் தாயின் நோய் காரணமாக அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஓரிரவில் ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்து, பிரசவத்தில் வருந்தும் தம் மனைவியருக்கு உதவுமாறு ஐடாவை வேண்டினர். தமக்கு வைத்தியம் தெரியாது, தம் தந்தையார் வருவார் என்று அவர் கூறினார். அந்நிய ஆடவன் கை படலாகாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். மறுநாட்காலையில் மூன்று பெண்டிரும் இறந்த செய்தி வந்தது. வேண்டிய உதவி அதே ஊரில், அதே இரவில், ஆயத்தமாயிருந்தது. அது வந்த கை ஏற்கத்தக்கதன்று என எண்ணியதால் வாசலிலேயே நின்றுவிட்டது. ஐடா வைத்தியம் கற்று 1900-இல் திரும்பினார். வேலூரில் அவர் நிறுவிய சிறு வைத்தியசாலை இன்று உலகறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் விளங்குகின்றது.

ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் கூறுவாம். கிருபையைப் பெறுதற்கு நம்மிடம் உள்ள தடைகள் இரண்டு. ஒன்று, நான் உழைத்துச் சம்பாதித்தேன் என்னும் பெருமை. இப்பெருமை ஓய்வைக் கூலியாக்குகின்றது. ஓயாதவனைச் சோம்பேறி என்றும், ஓய வகையற்றவனைப் பாவி என்றும் தூற்றுகின்றது. மற்றொன்று, அவனோடு நான் பெறமாட்டேன் என்னும் அருவருப்பு. இது பந்தியைப் பிளக்கின்றது. கொடுப்பவர் கையையும் தட்டிவிடுகின்றது. ஓய்வுநாள் முன்னதற்கு மருந்து. திருவிருந்து பின்னதற்கு மருந்து. இரண்டையும் ஒருங்கே உட்கொள்ள வேண்டும். ஞாயிறு தோறும் தவறாது ஆலயம் சென்று, அயலானைப் பந்தியிலிருந்து விலக்குபவனும், சமபந்தியைப் புகழ்ந்து பேசி, தன் வேலையாளுக்கு ஒரு நாளும் ஓய்வளியாதவனும் பாதி மருந்தை உண்டவர்களேயாவர்.

இது பெரியோருக்கும் மிராசுதாரருக்கும் உரிய செய்தி என்று மாணவ நண்பர்கள் எண்ணற்க. விடுதியில் வாழும் நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாம். ஞாயிற்றுக்கிழமை நமக்கு விசேஷ உணவு. ஆலயத்திலிருந்து பசியோடு திரும்பி, இலை முன் அமர்ந்து களிக்கின்றோம். அன்று விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவருக்கு அந்நாள் வாரத்தில் மிகக் கடினமான நாள். நாம் உண்டெழுந்த பின் பாத்திரம் துலக்கும் அம்மாவின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் எந்நாளில் ஓய்கின்றார் என்று நாம் எப்போதேனும் கேட்டதுண்டா? ஞாயிறன்று ஒரு வேளை எளிய உணவோடு நிறைவெய்தி, முறைவைத்து நாமே பாத்திரம் துலக்கினால், நம் ஓய்வுநாள் அன்று முதல் வேதத்தின் ஓய்வுநாளாகும். கைப்பேசியை ஒரு நாள் அணைத்து வைத்தல் நல்லதே. அடுப்படியில் நிற்பவரின் கையை ஒரு நாள் ஓயச் செய்தல் அதனினும் நல்லது.

இனி அனந்தபுரத்து வயலுக்குத் திரும்புவாம். அங்கே குனிந்து நிற்கும் தாய்க்கு நாம் கூறும் விடை யாது? ஓய்வுநாளை ஆசரிக்கும்படி அவளை நோக்கிக் கட்டளையிடுதல் நம் வேலையன்று. அவள் ஓய்வதற்குத் தடையாயிருப்பதை நீக்குதலே நம் வேலை. நிலமுள்ள கிறிஸ்தவன், அறுவடை வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு ஏழு நாட்கூலி கொடுக்கத் துணிவானாக. அது மன்னாவின் ஆறாம் நாட் பங்குக்கு ஒப்பாகும். சபையார் ஆராதனை வேளையை வேலையாட்களுக்கு ஏற்ப அமைப்பாராக. விடியுமுன் கூடிய ஆதிச் சபையாரும், மாலையில் பந்தியமர்ந்த ஆண்டவரும் அதற்கு வழிகாட்டியிருக்கின்றனர். அவள் மண் படிந்த கையோடு பிந்தி வரினும், அவள் வருமட்டும் அப்பம் பிட்காது காத்திருப்பாராக. அவள் வந்தபின் கடைசியில் நிறுத்தாது, தம் அருகில் இடம் விடுவாராக.

அவ்வாறு அவள் வந்து அமரும் நாளில், அவளுக்கு நாம் ஓய்வளித்தோம் என்று எண்ணிப் பெருமை கொள்ளற்க. அவள் இன்றி நாமும் அதுகாறும் ஓயவில்லை, விருந்துண்ணவில்லை என்பதை அன்றே நாம் உணர்வோம். எல்லார்க்கும் ஓய்வளித்து, எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்தும் கிருபையுள்ள ஆண்டவர், நம் கல்லூரியாரும், நம் ஊராரும், நம் வயல்களில் உழைப்போரும் ஒருங்கே கையேந்தும் அந்நாளை விரைவில் அருள்வாராக.